கேதம் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு இரவு இரண்டு மணிக்குத் திறக்கிறது. "பெரியவருக்கு ஆக்ஸிஜன் இறங்கிட்டே போகுது. வென்டிலேட்டர் வைக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?" என்கிறார் பணியில் இருக்கும் மருத்துவர். வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருந்த மகள் எழுந்து அண்ணனைப் பார்க்கிறாள். அண்ணன் துபாயில் இருக்கும் தம்பிக்கு போன் போடுகிறான். "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல, எல்லாத்தையும் பண்ணச் சொல்லு" என்கிறான் தம்பி. படிவத்தில் கையெழுத்து விழுகிறது. பெரியவர் எதை விரும்பியிருப்பார் என்று அங்கே இருக்கும் ஒருவருக்கும் தெரியாது. எழுபத்தெட்டு வருட வாழ்க்கையில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் எந்த இரவிலும் நடக்கக்கூடிய காட்சி இது. இனி மீள வழியில்லை என்ற நிலையில், வேண்டாத சிகிச்சையை மறுக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் வழியை 2023 ஜனவரியில் எளிதாக்கியது. 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்த உத்தரவு போட்டது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் வீட்டுக் கூடத்தில் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை.

உத்தரப் பிரதேசத்தின் காசியாபாதைச் சேர்ந்த ஒரு பெற்றோரை நினைத்துப் பாருங்கள். 2013-இல் மாடியிலிருந்து விழுந்து, நினைவு திரும்பாமலே படுக்கையில் கிடந்த மகனுக்காக, இந்த உரிமையைக் கேட்டு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறி இறங்கினார்கள். விபத்து நடந்தபோது அந்த மகன் கல்லூரி மாணவர். அந்த வயதில் தன் சாவைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை. முதியவர்களுக்கு மட்டுமான விஷயம் இது என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

பின்னால் பேசுகிறோம், முன்னால் பேசுவதில்லை

தமிழர்களுக்குச் சாவைப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இறந்தவரை நினைத்துக் கலங்குவதற்கென்றே 'கையறுநிலை' என்று ஒரு துறையைப் புறப்பாடல்களில் வகுத்துவைத்தவர்கள் நாம். ஒப்பாரி பாடும் பெண்கள் செத்தவரின் பெருமையை மட்டுமா சொல்வார்கள்? பங்காளி செய்த துரோகம், மாமியார் போட்ட சூடு, கட்டி வராத மாப்பிள்ளை என்று ஊரே கேட்க எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். பறை முழங்கும். நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், காடாற்று, பதினாறாம் நாள் காரியம், தலைத்திவசம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் உண்டு. தென்மாவட்டங்களில் துக்கம் விசாரிக்க, 'கேதம் கேட்க' என்று தனியாகப் பயணமே போவார்கள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனரும், நாளிதழில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியும் அதன் இன்றைய நீட்சிகள்தான்.

இவ்வளவு சொற்களும் உயிர் போன பிறகு வருபவை. உயிர் இருக்கும்போது அதே ஆளிடம் பேச நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை. எழுபது வயது அம்மா, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தால் போதும், "அச்சானியமா பேசாதீங்கம்மா", "வாயைக் கழுவுங்க" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவர் சொல்ல வந்தது என்ன என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

நோய் முற்றிய வீடுகளில் இந்த மௌனம் ஒரு நாடகமாகவே மாறிவிடுகிறது. "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று மகன் தனியே வந்து கெஞ்சுவான். அப்பா அவன் வெளியே போன நேரம் பார்த்து, "எனக்குத் தெரியும் டாக்டர். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க, உடைஞ்சுபோயிடுவாங்க" என்பார். புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்த்த எந்த மருத்துவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதையாவது சொல்வார். ஒருவர் மீது ஒருவருக்கு இருக்கும் அன்புதான் இருவரையும் தனித்தனியே பூட்டிவைக்கிறது. கடைசி மூன்று மாதமும் ஒருவருக்கொருவர் நடித்தே தீர்ந்துபோகிறது.

கருவாட்டுக் குழம்பு

என் பெரியப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. இதயமும் பலவீனம். இனி டயாலிசிஸ் செய்தாலும் உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு நாள் பெரியம்மாவிடம், "நெத்திலிக் கருவாடு போட்டுக் கொஞ்சம் குழம்பு வையேன்" என்றார். உப்பு ஆகவே ஆகாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து மறுத்தோம். உப்பில்லாத ரசம் சாதத்தை ஸ்பூனால் ஊட்டினோம். அவர் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். படையல் நாளில் தலைவாழை இலை போட்டு அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். இலையின் நடுவில் கிண்ணம் நிறைய நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு ஒரு கரண்டி ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை நான் சுமக்கிறேன்.

அன்று நாங்கள் மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். "இன்னும் கொஞ்ச நாள்தான் என்றால், அவர் ஆசைப்படுவதைக் கொடுக்கலாமா?" என்ற ஒற்றைக் கேள்வி போதும். கேட்டிருந்தால், இனி இதெல்லாம் இறந்துகொண்டிருப்பவரின் கடைசி நாள்கள் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அதற்குத்தான் எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

சட்டம் தரும் வழி

'கருணைக்கொலை' என்ற சொல்லைக் கேட்டதும் விஷ ஊசி நினைவுக்கு வருகிறது. அப்படி ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம். நீதிமன்றம் அனுமதித்திருப்பது வேறு: குணமாக வழியே இல்லாத நிலையில், சாவைத் தள்ளிப்போடுவதற்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது அல்லது நிறுத்திக்கொள்வது. வலிக்கான மருந்தும் பராமரிப்பும் கடைசிவரை தொடரும்.

இந்த விவாதம் நம் நாட்டில் சூடுபிடித்தது மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில். 1973 நவம்பரில், வேலை பார்த்த மருத்துவமனையிலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை, நாற்பத்தோரு வருடத்துக்கும் மேலாக, அதே மருத்துவமனையின் கட்டிலில் கிடந்தார். உடன் வேலை பார்த்த செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். சிகிச்சையை நிறுத்தக் கோரிய மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புதான் பின்னால் வந்ததற்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது. அருணாவின் விருப்பம் என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் 'லிவிங் வில்'. மருத்துவ உயில் என்று வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதையும், தன்னால் பேச முடியாமல் போனால் தனக்காக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. அந்தச் சுமையை 2023 உத்தரவு நீக்கிவிட்டது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

எழுதிவைத்ததாலேயே யாரும் ஓடிவந்து குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் ஆராயும். பிறகு, மாவட்ட அளவில் நியமிக்கப்பட்ட மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழு ஆராயும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். உயிலில் குறிப்பிட்டவரின் ஒப்புதல் வேண்டும். முடிவை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உயில் எழுதாதவர்களுக்கும், குடும்பத்தின் ஒப்புதலோடு இதே வழி உண்டு.

இருப்பவருக்கு ஒரு கொடுமை, இல்லாதவருக்கு ஒரு கொடுமை

சாவைப் பேசாத சமூகத்தில் இரண்டு விதமாகச் சாகிறார்கள். காசும் காப்பீடும் இருப்பவர், கையில் கட்டுப்போட்டு, தொண்டையில் குழாயோடு, பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடியாமல், நாளொன்றுக்கு எவ்வளவு என்று பில் ஏறிக்கொண்டிருக்கும் அறையில் போகிறார். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று அந்த அறைக்குள் போகும் குடும்பங்களும் உண்டு. அதுவும் முடியாத ஏழைக்கு, "இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற ஒரு வரிதான் மிச்சம். வீட்டில் வலியால் அவர் கத்துவதைத் தெருவே கேட்கும். ஒரு வலிமாத்திரை எழுதித் தரக்கூட ஆள் இருக்காது.

'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பது பொய். நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியைத் தணிக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், படுக்கைப் புண்ணைத் தடுக்கலாம், பயத்தைக் கேட்டு ஆற்றலாம். இதற்கென்றே வளர்ந்த துறை நோய் ஆதரவு சிகிச்சை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 5.68 கோடிப் பேருக்கு இது தேவைப்படுகிறது என்றும், அவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை விலை குறைந்த, நம்பகமான மருந்து. மருந்துக்காக அரசே உரிமம் கொடுத்து அபினிச் செடி பயிரிட வைக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இருந்தும், 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கிவைப்பதையே நிறுத்தின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதானது. ஆனால் பழைய பயம் போகவில்லை. "மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்" என்று சாகக் கிடப்பவரின் உறவினர்களே தடுக்கிறார்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலிதணிப்புக்காகச் சிறிய அளவில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது அக்கம்பக்கத்தாரின் இயக்கமாகிவிட்டது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு தங்கள் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் போய்ப் பார்த்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. இந்தியாவில் ஒரு மாநில அரசு அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. ஊராட்சிகள் வழியாகச் செவிலியர்கள் வீடு தேடிப் போகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்தே இருக்கிறது. மாத்திரை வாங்கத் தெரிந்த அளவுக்கு மக்களுக்கு அந்தப் பகுதி தெரியவில்லை. கேட்பவர் இருந்தால்தான் எந்தத் திட்டமும் வேர் பிடிக்கும்.

தலைக்கூத்தல் பயம்

இப்படியெல்லாம் பேச ஆரம்பித்தால் வயதானவர்களை ஒழித்துக்கட்ட அது வசதியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். தென்மாவட்டங்களின் சில பகுதிகளில், படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவைக்கும் தலைக்கூத்தல் என்ற கொடுமை நமக்குப் புதிதல்ல. 2019-இல் வந்த 'கே.டி. என்கிற கருப்புதுரை' திரைப்படம் அதிலிருந்து தப்பி ஓடும் ஒரு முதியவரின் கதைதான்.

ஆனால் தலைக்கூத்தலில் யார் யார் பேசிக்கொள்கிறார்கள்? மகன்கள் பேசுகிறார்கள், மருமகள்கள் பேசுகிறார்கள், உறவுக்காரர்கள் பேசுகிறார்கள். பெரியவரிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. அவர் காதுபடாமல் எடுத்த முடிவு அது. மருத்துவ உயிலில் முடிவெடுப்பவர் அந்தப் பெரியவரே. 'எனக்கு எல்லாச் சிகிச்சையும் வேண்டும்' என்றும் அவர் எழுதலாம். அதையும் மதிக்கத்தான் வேண்டும். அவருடைய சொல் எழுத்தில் இருக்கும்போது, மற்றவர்கள் அவர் தலைக்கு மேலே பேசி முடிப்பது கடினமாகிவிடும்.

சாவைப் பற்றிய பேச்சு மாறாது என்பதும் உண்மையில்லை. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் பதின்வயது மகனின் உறுப்புகளைத் தானம் தந்தார்கள். அதற்கு முன் 'மூளைச்சாவு' என்ற சொல்லையே நம்மில் பலர் கேட்டதில்லை. இன்று கிராமத்துக் கூலித் தொழிலாளியின் குடும்பமும், துக்கத்தின் உச்சியில் நின்றுகொண்டு, அந்தச் சொல்லைப் புரிந்துகொண்டு சம்மதம் தருகிறது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். பதினைந்து வருடத்தில் ஒரு சமூகம் புதிதாக ஒன்றைப் பேசப் பழகியிருக்கிறது.

பதினேழாம் நாள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை ஏற்றிவிட்டால் ஊரைப் பொறுத்தவரை துக்கம் முடிந்தது. வீட்டில் இருப்பவருக்கு அன்றுதான் தொடங்குகிறது. இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு ஒன்றைக் கீழே ஊற்றும் காலை அது. 'இன்னுமா அழுதுட்டு இருக்கே?' என்று கேட்பவர்கள் வருவார்கள். 'அவர் பேரைச் சொல்லி ஏன் அவங்களை அழவைக்கணும்' என்று நல்லெண்ணத்தில் பேச்சை மாற்றுபவர்களும் வருவார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச ஒருவர் கிடைக்கமாட்டாரா என்றுதான் அந்த வீடு காத்திருக்கும்.

துக்கம் ஐந்து படிகளில் இறங்கித் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. அந்த நூலில் அவர் ஐந்து நிலைகளைச் சொன்னது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி; உறவை இழந்தவர்களுக்கு அவர் போட்டுக்கொடுத்த அட்டவணை இல்லை அது. அவருடைய பெரிய காரியம் வேறு. மருத்துவர்கள் முகம் கொடுக்கத் தயங்கிய நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர்களிடமே கேட்டார்.

கொரோனா காலத்தில் முகம் பார்க்காமல், வாய்க்கரிசி போடாமல், பாலித்தீனில் சுற்றியபடி அனுப்பிவைத்தவர்களின் துக்கம் இன்னும் பல வீடுகளில் முடியாமல் கிடக்கிறது. சடங்கு என்பது எவ்வளவு பெரிய துணை என்று அப்போது தெரிந்தது. அதே சடங்குக்குள் கொடுமைகளும் இருக்கின்றன. கணவனை இழந்த பெண்ணை நடுக்கூடத்தில் உட்காரவைத்துப் பூவையும் பொட்டையும் வளையலையும் பறிப்பது எந்தத் துக்கத்தையும் ஆற்றுவதில்லை. புதிதாக ஒன்றைக் கொடுக்கிறது.

குழந்தைகளை நாம் இதிலிருந்து முற்றாக ஒதுக்குகிறோம். பக்கத்து வீட்டில் கார்ட்டூன் போட்டு உட்காரவைத்துவிட்டு, 'தாத்தா ஊருக்குப் போயிருக்கார்' என்கிறோம். குழந்தை வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறது. 'தாத்தா தூங்குறார்' என்றால் அதற்குத் தூங்கப் பயம் வருகிறது. 'சாமி கூட்டிட்டுப் போயிட்டார்' என்றால் சாமியிடம் பயம் வருகிறது. 'தாத்தா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு இனி வேலை செய்யாது. திரும்பி வர மாட்டார். நமக்கெல்லாம் அழுகையா வருது, நீயும் அழலாம்' என்று சொன்னால் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

காகிதங்களும் பேசட்டும்

சாவைப் பேசாததற்குப் பணத்திலும் விலை உண்டு. பத்து வருடத்துக்கு மேல் யாரும் தொடாமல், வங்கிகளிலிருந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்த தொகை 2024 மார்ச் முடிவில் ரூ.78,213 கோடி. அதில் எத்தனையோ, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் போன கணக்குகள். இப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023-இல் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது.

நாமினி போட்டுவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர். அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். சொத்து யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது உயில். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைத்தால் பின்னால் சண்டை குறையும்.

என்ன செய்யலாம்?

வீட்டில் இதைத் தொடங்க நல்ல நேரம் ஒன்று இருக்கிறது: கேத வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. பேருந்திலோ காரிலோ எல்லோரும் சாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவார்கள். "நமக்கு இப்படி ஆச்சுன்னா என்ன செய்யணும்?" என்று அங்கே கேட்டால் அபசகுனமாகத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே முதல்முறையாகக் கேட்பதைவிட அது ஆயிரம் மடங்கு எளிது.

கேட்க வேண்டியவை ஐந்து:

1. என்னால் பேச முடியாமல் போனால் எனக்காக யார் முடிவெடுக்க வேண்டும்?

2. கடைசி நாள்களை வீட்டில் கழிக்கவா, மருத்துவமனையிலா?

3. மீள வழியில்லை என்றால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம்?

4. யாரைப் பார்க்க வேண்டும்? எந்த மனத்தாங்கலைத் தீர்க்க வேண்டும்?

5. காரியம் எப்படி நடக்க வேண்டும்? எரிப்பதா, புதைப்பதா, கண் தானமா, உடல் தானமா? கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்விக்கான பதிலில் கணவன்மார்கள் ஒரு வரியைச் சேர்க்கலாம்: 'என் மனைவியின் பூவையும் பொட்டையும் யாரும் தொடக்கூடாது.' நாலு பேர் முன்னால் சொல்லி, எழுதியும் வைத்துவிட்டால், அன்றைக்கு அந்தப் பெண்ணுக்காகப் பேச வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

தமிழ்நாடு அரசுக்குச் சில வேண்டுகோள்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவ உயில் பற்றி விளக்க ஒரு உதவி மேசை வேண்டும். எளிய தமிழில் மாதிரிப் படிவம் வேண்டும். எழுதிய உயிலைப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்புகள் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை ஒவ்வோர் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதிவைக்க வேண்டும். மார்ஃபின் தரும் மருத்துவமனை ஒவ்வொரு வட்டத்திலும் ஒன்றாவது இருக்க வேண்டும். வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்கள், படுக்கையில் இருப்பவரின் வலியைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் கேட்கப் பயிற்சி பெற வேண்டும். நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு வழி தெரியாத குடும்பங்களுக்கு, அழைத்துக் கேட்க ஓர் எண் வேண்டும்.

மருத்துவமனைகள், கதவைத் திறந்து இரண்டு நிமிடத்தில் கையெழுத்துக் கேட்பதை மாற்ற வேண்டும். சேர்க்கும் முதல் நாளே, நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதலாம். நோயாளியிடமும் உறவினரிடமும் பேசும் பயிற்சி 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் இருக்கிறது. அது வார்டுக்கு வர வேண்டும்.

அலுவலகங்கள் துக்கத்துக்கெனச் சில நாள் சம்பளத்தோடு விடுப்பு தரலாம். பள்ளிகளில், பெற்றோரை இழந்து திரும்பி வரும் குழந்தையிடம் என்ன பேச வேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரலாம். அக்கம்பக்கத்தார் ஒன்று செய்யலாம்: பதினாறு நாளும் கூட்டமாகப் போவதோடு நிற்காமல், நாற்பதாம் நாளும் நூறாம் நாளும் ஒருமுறை எட்டிப்பார்த்து, போனவரைப் பற்றிப் பேச்செடுக்கலாம். துக்கம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வெற்றிலையைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். வழக்கமாக வரும் 'அச்சானியமா பேசாதீங்க' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க பெரியம்மா" என்றேன். ஒரு மணி நேரம் பேசினார்.